சின்னவனுக்கு மருந்து

மேஸ்திரி செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவர் நாத்தனார்தான். திங்கட்கிழமை காலை, முகம்கூடக் கழுவாமல் பின்பக்கக் கொட்டகைக்குள் போனவர், "எல்லாரும் இங்க வாங்க" என்று ஒரு சத்தம் போட்டார். மாடியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த, அந்த வீட்டு மருமகளான தையற்காரர் மகள் வடிகட்டியும் கையுமாக இறங்கி ஓடினாள். சுடுதண்ணீர் அண்டாவுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் நெருப்புக்குச்சியில் விரலைச் சுட்டுக்கொண்டான். கொழுந்தன் கால் புண்ணோடு நொண்டிக்கொண்டே வந்தான்.

மேஸ்திரி என்றதும் யாரோ ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். தவளை. கைக்குட்டையை நாலாக மடித்து வைத்த அளவு இருக்கும். மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் சாக்கடைக் குழாய் வழியாக வந்து, தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்து, நாலு பேரும் வேலை செய்வதை முறைத்துப் பார்த்தது. தொண்டை மட்டும்தான் அசையும். ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாது. "மேற்பார்வைக்கு ஆள் வந்தாச்சு" என்று கொழுந்தன் சொன்னான். அன்றிலிருந்து அது மேஸ்திரி.

அது சலவைக்கடை. முன்னால் கடை, பின்னால் தகரக் கொட்டகை, மாடியில் குடித்தனம். கொட்டகையில் மூன்று சிமெண்ட் தொட்டிகள். கட்டியவரும் பெயர் வைத்தவரும் செத்துப்போன மாமனார். பெரியவன், நடுவன், சின்னவன். பெரியவனில் சோப்புத் தண்ணீர், நடுவனில் மருந்துத் தண்ணீர், சின்னவனில் நீலம். மருந்து என்றால் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: மூடியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்க வைக்கிற வெளுப்பு மருந்து. உடம்பில் தடவுவது களிம்பு, முழுங்குவது மாத்திரை. தொட்டிகளைப் பற்றிய பேச்சும் ஆட்களைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருக்கும். "பெரியவனுக்கு சோப்பு போட்டாச்சா?", "நடுவனுக்கு மருந்து போடு" என்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற தோரணைதான்.

வீட்டிலும் ஒரு சின்னவன் உண்டு. கொழுந்தனுக்கு முப்பத்தொன்று முடிந்தும் அந்தப் பெயர் போகவில்லை. "எனக்கு வச்ச பேரை அப்பா தொட்டிக்கு வச்சாரா, தொட்டிக்கு வச்சதை எனக்கு வச்சாரா?" என்று அவனே கேட்பான். இரண்டு வருஷத்துக்கு முன் சின்னவன் தொட்டியில் விரிசல் விழுந்து, இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்காமல் போனது. நீலத்தைப் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த இரண்டு விரல் தண்ணீரில்தான் மேஸ்திரியின் குடித்தனம்.

இப்போது அதில் மல்லாந்து கிடந்தது.

"வயிறு எப்படி வெளுத்திருக்கு பாரு" என்றார் நாத்தனார்.

"அது வயிறு எப்பவும் வெள்ளைதானேக்கா" என்றான் கொழுந்தன்.

"உன்னைக் கேட்டனா?"

நாத்தனார் தொட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்தார். நாற்பது வருஷம் துணியோடு பழகிய மூக்கு. ஆனால் அந்தக் கொட்டகையில் எதை மோந்தாலும் மருந்து வாடைதான். தலையணையில் அடிக்கும், டீயில் அடிக்கும். அவர் நிமிர்ந்து மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாரோ இதுல மருந்து ஊத்தியிருக்கீங்க. நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கடைசியா பாத்தேன்."

அவர் கண் மூத்த தம்பியிடம், தையற்காரர் மகளின் கணவனிடம், நின்றதற்குக் காரணம் இருந்தது. பெரிய விடுதி ஒன்றிலிருந்து நூற்றிருபது படுக்கை விரிப்பும் அத்தனை தலையணை உறையும் வந்திருந்தன. மாலை நாலு மணிக்கு விடுதியின் வண்டி வந்துவிடும். சனிக்கிழமைதான் அவன் சொன்னான், "சின்னவனைப் பூசி எடுத்தா இன்னும் இருபது விரிப்பு ஊறும். ஒரு தவளைக்காக ஒரு தொட்டியையே சும்மா விட்டு வைக்கணுமா?" என்று.

"நீதானே?"

"நான் எதையும் ஊத்தலக்கா. சத்தியமா."

"உன் சத்தியத்தைக் கொண்டுபோய் உலர்த்து."

அவன் அதற்குமேல் நிற்கவில்லை. உணவகத்து மேசைவிரிப்பு மூட்டைகளை மூன்று சக்கர வண்டியில் அள்ளிப் போட்டான். தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு தூறலில் மிதித்துப் போய்விட்டான்.

நாத்தனார் தவளையை ஒரு காலி சோப்பு டப்பாவில் எடுத்து வைத்து, இஸ்திரி மேசை மூலையில் கொண்டுபோய் வைத்தார். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "யாருன்னு தெரியிற வரைக்கும் நான் இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டேன்." பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பி, "உங்க அண்ணிகிட்ட சொல்லு. எனக்கு டீ வேணாம்" என்றார்.

தையற்காரர் மகள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். தவளை செத்ததைவிட அந்த ஒரு வாக்கியம் அவளை அறைந்துவிட்டது.

பதினோரு வருஷம் அப்படித்தான் ஓடியது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் ஒரு சிவப்பு உள்பாவாடையை வெள்ளை மூட்டையோடு சேர்த்து ஊறப்போட்டு, பதினெட்டு மேசைவிரிப்புகளை ரோஜா நிறத்துக்குக் கொண்டுவந்தாள். அன்று நாத்தனார் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "தையக்காரர் பொண்ணுக்கு இந்தத் தொழில் வராது" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அவளோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, கஞ்சி கெட்டியா இருக்கு." "உங்க அண்ணிகிட்ட கேளு, பொத்தான் டப்பா எங்கன்னு." ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடும்போதும் பேச்சு யார் தலையையாவது சுற்றிக்கொண்டுதான் வரும். அவளும் பழகிக்கொண்டாள். பழகிக்கொண்டதாக நினைத்துக்கொண்டாள்.

இந்த மழையில்தான் எல்லாம் மாறியது. நாத்தனார் அந்தத் தவளையோடு பேசத் தொடங்கியதை முதலில் அவள் நம்பவில்லை. தனக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாம் என்று தம்பிகளைக் கரையேற்றியவர். பூனைக்குக்கூட ஒரு வாய் பால் வைத்ததில்லை. அவர் தொட்டி விளிம்பில் குனிந்து, "என்ன மேஸ்திரி, காலர் சரியா வந்திருக்கா?" என்று சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் விளக்கடியில் செத்து விழுந்த ஈசல்களைத் தையற்காரர் மகள் காகிதத்தில் கூட்டி எடுத்துக்கொண்டு போய், ஒன்றும் சொல்லாமல் நீட்டினாள். நாத்தனார் ஒரு ஈசலை நூலில் கட்டி ஆட்டினார். மேஸ்திரி நாக்கை நீட்டியது தெரியவில்லை, ஈசலைக் காணவில்லை. "ஏம்மா, பாத்தியா பாத்தியா!" என்று நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

ஏம்மா. பதினோரு வருஷம் கழித்து ஏம்மா. அதன்பிறகு மூன்று மாதமாக "ஏம்மா, இந்தக் கறை போகுமா பாரு", "ஏம்மா, மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியை அவுத்துடலாமா" என்று பேச்சு நேராகவே வந்தது. போன வாரம் இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து கடலை உரித்துத் தின்றார்கள். அவளுக்கு வீடே பெரிதாகிவிட்டது போல இருந்தது.

இப்போது மறுபடியும் உங்க அண்ணிகிட்ட சொல்லு.

எதுவானாலும் விரிப்புகள் காத்திருக்காது. கொழுந்தன் பெரியவனிலிருந்து அள்ளிக் கொடுக்க, அவள் அலசினாள். குழாய்த் தண்ணீர் மழைக்கால ஜில்லிப்பில் எலும்பைத் தொட்டது. விரிப்பு ஈரத்தில் ஆள் கனம் கனத்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரெதிர் திசையில் முறுக்கி, பிழிந்து, உதறி, காற்றாடி ஓடுகிற உள்கொடியில் போட்டார்கள். நாற்பது விரிப்பு ஆனதும் கொழுந்தன் ரப்பர் காலணியைக் கழற்றிவிட்டுக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான். கால்விரல் இடுக்குகள் வெந்து, தோல் உரிந்து, சிவப்பாக இருந்தன. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவன் கால்.

"களிம்பு போட்டும் இப்படியா இருக்கு?" என்றாள் அவள்.

"எந்தக் களிம்பு?"

"நேத்து உங்க அண்ணன் போட்டு விடலை?"

"அவனா? என் காலையா? ஏன் அண்ணி காலையிலேயே கிண்டல் பண்றீங்க."

கையிலிருந்த உறை நழுவித் தண்ணீரில் விழுந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

முந்தைய நாள் அவள்தான் கடைக்குப் போய் அந்தச் சேற்றுப்புண் களிம்பை வாங்கி வந்தாள். தன் கால் புண்ணைத் தானே பார்க்கக் கொழுந்தனுக்குப் பயம், மயக்கம் வரும். அதனால் ட்யூபைக் கணவன் கையில் கொடுத்து, தம்பிக்குப் போட்டு விடச் சொன்னாள். மாலையில் மாடியில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்து, ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க! சின்னவனுக்கு மருந்து போட்டாச்சா?"

அவள் பிறந்த வீட்டில் எல்லாமே மருந்துதான். தலைவலிக்கும் மருந்து, புண்ணுக்கும் மருந்து. அவசரத்தில் அந்த வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது. தொட்டிகளுக்கு நடுவிலிருந்து கணவன், "ஆச்சு, ஆச்சு!" என்றான்.

எதை ஆச்சு என்றான்? தம்பி காலில் எதுவும் போடவில்லை. பின்னே? இந்த வீட்டுக் காதில் மருந்து என்றால் வெளுப்பு மருந்து, சின்னவன் என்றால் தொட்டி. அவன் அக்காவிடம் இல்லை என்று சத்தியம் செய்தது, பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று செய்ததாகத்தான் இருக்கும். ஊற்றியது அவன் கை. ஊற்றச் சொன்னது அவள் வாய்.

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இனி ஒவ்வொரு நாளும் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே. சொன்னாலோ, இருக்கிற கொஞ்சமும் போய்விடும். தையற்காரர் பொண்ணு பழையபடி தையற்காரர் பொண்ணாகவே செத்துப்போவாள். இன்னும் இருபது விரிப்புகளை அலசும் வரை அவள் இதையே திருப்பித் திருப்பிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்கு இரண்டு துண்டு ரொட்டியைச் சுட்டு, முட்டையை அவித்து, டீயோடு எடுத்துக்கொண்டு இஸ்திரி மேசைக்குப் போனாள். உலர்ந்த விரிப்புகள் மேசைமேல் மலையாகக் குவிந்திருந்தன. இஸ்திரிப் பெட்டி ஆறிப்போய்க் கிடந்தது. நாத்தனார் சோப்பு டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, சாப்பிட வேணாம். நான் சொல்றதை மட்டும் கேளுங்க. அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க."

நாத்தனார் திரும்பவில்லை.

"மேஸ்திரி செத்தது என்னாலதான்."

அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். களிம்பு, ஜன்னல், மருந்து என்று சொன்னது, ஆச்சு என்று பதில் வந்தது, கொழுந்தன் கால். "பதினோரு வருஷமா இந்த வீட்டுல இருந்தும் ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்லத் தெரியல எனக்கு. அவரைத் திட்டாதீங்க. நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்காரு."

வீடு இடியும் என்று எதிர்பார்த்து நின்றாள். இடியவில்லை. நாத்தனார் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தலைச்சுமையை இறக்கி வைத்தவர் போல அவர் தோள் தணிந்தது. "அப்ப மருந்துதானா?" என்று மெதுவாகக் கேட்டார். "நிச்சயமா மருந்துதானே?"

கோபம் எங்கே போனது என்று அவளுக்குப் புரியவில்லை. பதில் சொல்வதற்குள் வாசலில் வண்டி மணி கேட்டது. கணவன் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"இங்க வாடா" என்றார் நாத்தனார். "நேத்து உன் பொண்டாட்டி சின்னவனுக்கு மருந்து போட்டாச்சான்னு கேட்டாளா?"

அவன் முகம் விழுந்தது. "கேட்டா."

"ஆச்சுன்னியா?"

"சொன்னேன்."

"எவ்வளவு ஊத்தின?"

"எதைக்கா?"

"மருந்தைடா!"

அவன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தான். மூடிகூடத் திறக்காமல் புதுசாக இருந்தது. "அவ கேட்டது இதைத்தான்னு எனக்குத் தெரியும். போடணும்னுதான் இருந்தேன். அவன் காலைப் பாத்தா எனக்கும் குமட்டுது."

"அப்புறம் எதுக்குடா ஆச்சுன்ன?"

"ஒரு பேச்சுக்கு."

"என்ன பேச்சுக்கு?"

"கேட்டா வாயில வந்துடுதுக்கா. நான் என்ன பண்ண?"

அது உண்மைதான். சட்டை ஆச்சா என்றால் மூட்டையே அவிழ்க்காமல் ஆச்சு என்பான். தெருவில் பாதிப்பேர் அவனை ஆச்சு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்ப தொட்டியில எதுவும் போடல?" தையற்காரர் மகள் கேட்டாள்.

"கால்லயும் போடல, தொட்டியிலயும் போடல. நான் எங்கேயும் எதுவும் போடல போதுமா?"

இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன பொய்களுக்கு அவள் எத்தனையோ முறை வயிறெரிந்திருக்கிறாள். இந்த ஒரு பொய்க்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் ஆச்சுவின் வாயை நம்பி யார் இருப்பது? அவளுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும்.

"சாட்சி போட்டுப் பாத்துடலாம்" என்றாள்.

சாட்சி என்பது மட்டமான கருநீலத் துணியில் கிழித்த நாடா. சாயத்துணியை ஊறப்போடுவதற்கு முன்னால், தொட்டியில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று அதை நனைத்துத்தான் பார்ப்பார்கள். ஒரு மூடி மருந்து இருந்தாலும் அரைமணி நேரத்தில் ஓரம் வெளுத்துப் பழுத்துவிடும். நாற்பது வருஷக் கைக்கு இந்த யோசனை காலையிலேயே எப்படி வராமல் போயிற்று என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. "வேணாம் விடும்மா" என்று நாத்தனார் சொன்னபோது இன்னும் வியப்பாக இருந்தது. அதற்குள் கொழுந்தன் நாடாவைக் கொண்டுபோய்ச் சின்னவன் தொட்டியில் முக்கிவிட்டான்.

நாலு பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். தகரத்தில் மழை கொட்டியது. கணவன் ஆறின டீயைக் குடித்துவிட்டு, ரொட்டியையும் முட்டையையும் கேட்பாரில்லாமல் தின்று தீர்த்தான். கொழுந்தன் ட்யூபைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாக விரலிடுக்கில் தடவினான். பாதி வாளியில் பட்டது. அரைமணி நேரம் ஆனதும் அவள் நாடாவை எடுத்து, விளக்கடியில் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள். ஓரம், நடு, நுனி எல்லாம் கருநீலம். ஒரு புள்ளி வெளுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றாள். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "ஒண்ணுமே இல்ல. யாரும் ஒண்ணும் பண்ணல."

"அப்ப எப்படிச் செத்துச்சு?" என்றான் கணவன்.

"யாருக்குத் தெரியும்? வரும்போதே அதுக்கு என்ன வயசோ" என்றான் கொழுந்தன். "நம்மகிட்ட பிறந்த தேதி சொல்லிட்டா வந்துச்சு?"

அவனே குழாயடி ஈரமண்ணில் குழி தோண்டினான். சோப்பு டப்பாவை வைக்கும் முன், மூட்டைகளுக்குக் கட்டுகிற அடையாளத் துணி ஒன்றில் மசியால் மேஸ்திரி என்று எழுதிக் கட்டினான். "எங்கேயாவது ஆள் மாறிப் போயிடக் கூடாதில்ல" என்றான். கணவன் சிரித்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். மண்ணைத் தள்ளியபிறகு இரண்டு பேரும் மிச்ச விரிப்புகளை அள்ளப் போனார்கள். மணி பதினொன்றரை தாண்டியிருந்தது.

நாத்தனார் மேசைக்குத் திரும்பிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். தையற்காரர் மகள் எதிர்ப்பக்கம் நின்று விரிப்பின் முனைகளைப் பிடித்துக் கொடுத்தாள். பெட்டி ஓடியது. ஆவி எழுந்தது. மடிப்பு, மறுமடிப்பு, அடுக்கு. முப்பது விரிப்பு போல முடிந்தது. நிம்மதியில் அவளுக்குப் பசிகூட எடுத்தது. ஆனால் எதிரே இருந்த முகம் மட்டும் தெளியவில்லை.

"என்ன அண்ணி? யாரும் பண்ணலன்னு தெரிஞ்சிருச்சே."

நாத்தனார் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சாட்சி போடணும்னு எனக்கு விடிஞ்சதுமே தோணுச்சும்மா. பயந்துதான் போடல. மருந்து இல்லன்னு வந்துட்டா?"

"வந்தா என்ன?"

"நேத்து சாயங்காலம் கடைசி உருப்படியை முடிச்சுட்டுப் போனேன். அது பாவம் விளிம்புல ஏறப் பாத்து ஏற முடியாம வழுக்கிட்டே இருந்துச்சு. அப்படியே அள்ளித் தூக்கி வச்சேன். மூணு மாசத்துல ஒரு தடவைகூட நான் அதைத் தொட்டதில்ல, தெரியுமா? நேத்துதான்." அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "பெட்டி பிடிச்ச கை. அது குளிர்ந்த உடம்பு. கையில வச்சதும் துடிச்சுச்சு. என் சூடு தாங்காமத்தான் போயிருக்கு. நான் தொட்டா எதுவும் நிக்காது. அதனாலதான் யாரையும் கிட்ட சேக்காம இருந்தேன்."

இல்லை என்று சொல்லத் தையற்காரர் மகளிடம் எந்தச் சாட்சித் துணியும் இல்லை. காலையிலிருந்து தண்ணீரில் கிடந்த அவள் விரல்கள் சுருங்கி, நகம் நீலம் பாரித்து, மரத்துப்போய் இருந்தன. அந்தக் கைகளால் மேசைக்கு அந்தப் பக்கம் எட்டி, நாத்தனாரின் வலது கையைப் பிடித்து இழுத்து, தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

நாத்தனார் திடுக்கிட்டுக் கையை உருவப் பார்த்தார். "விடும்மா, சுடும்."

"சுடுது அண்ணி" என்றாள் அவள். "எடுத்துடாதீங்க."